கிறிஸ்டி மூரின் 'ப்ராஸ்பரஸ்': சுருதி 30 சென்ட் ஏறி நிற்கிறது, சிடி உள்ளவர்கள் உதவவும்

அயர்லாந்துப் பாடகர் மூரின் 1972ல் வந்த இந்த எல்பி இசைத்தட்டை (மரபுப் பாடல்களோடு உடி கத்ரி பாட்டும் உள்ளதே, அதுதான்) வேவ் கோப்பாக மாற்றியதில் ஒரு சிக்கல். முதல் பாட்டு முடிந்து லியாம் ஓஃப்ளினின் இல்லியன் பைப்ஸ் (துருத்தியால் காற்றூட்டும் ஐரிஷ் பைக்குழல்) எழும் இடத்தில், டி சுரம் ட்யூனரில் 30 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) கூடுதலாகக் காட்டுகிறது. வேகக் கணக்கில் சுமார் 1.75 சதவீதம்.

டர்ன்டேபிளைப் பார்த்தாயிற்று. ஊசி தட்டில் இருக்கும்போதே, 50 ஹெர்ட்ஸ் ஸ்ட்ரோப் தட்டின் (மின்விளக்கின் துடிப்பில் வேகத்தைச் சோதிக்கும் கோடு போட்ட தட்டு) 180 கோடுகளும் அசையாமல் நிற்கின்றன, அதாவது வேகம் சரி. குண்டு பல்பில் பார்த்ததுதான். பல எல்இடி விளக்குகளில் இந்தச் சோதனை எடுபடாது.

இன்னொரு சந்தேகம், பதிவின்போதே அப்படி இருந்திருக்கலாம். பைப்ஸின் சுருதியைச் சட்டென்று மாற்ற முடியாது. ரீடைத் (ஒலி எழுப்பும் நாக்கு) தொட்டால் சுரங்களுக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். அதனால் கிடாரும் பூசூக்கி என்ற நரம்பிசைக் கருவியும்தான் அதற்கு ஒத்துப்போகும். அப்படியென்றால் பைப்ஸ் இல்லாத பாட்டுகள் வழக்கமான சுருதியிலேயே (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) இருக்க வேண்டும்.

சிடி வைத்திருப்பவர்கள் அந்த டி சுரத்தையும், பைப்ஸ் இல்லாத ஏதாவது ஒரு பாட்டின் கிடாரையும் அளந்து சொல்ல முடியுமா? யூட்யூப் பிரதி வேண்டாம், வேகம் மாற்றி ஏற்றியவையும் அதில் உண்டு. சிடியிலும் அதே 30 என்றால் கோப்பில் கை வைக்கப் போவதில்லை.