5 கிலோ ரிமோட் மாதிரி விமானத்துக்கு எந்த மோட்டார்?

சுங்கை சிப்புட்காரன்:
அண்ணே, 2 மீட்டர் இறக்கை, பேட்டரியோடு 5 கிலோ. பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிட்டேன். ஞாயிறு காலையில தோட்டத்துத் திடல்ல பறக்கவிட்டா சத்தத்துக்குப் பாட்டிமார் திட்டு தாங்கல. எந்த மின் மோட்டார், எத்தனை செல் பேட்டரி?

பழைய வயர்மேன்:
தம்பி, மோட்டார் பேரைத் தேடாதே, வாட்டைப் பாரு. சாதாரணப் பறத்தலுக்குக் கிலோவுக்கு 220 வாட். உனக்கு 1,100, கொஞ்சம் கூட்டி 1,300 வச்சுக்கோ. 6 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 22.2 வோல்ட், 1,300-ஐ அதால வகுத்தா 59 ஆம்பியர். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலர் 80 ஆம்பியர் போடு. நான் 60 போட்டுக் கருக்கி, விமானம் செம்பனை உச்சியிலதான் இறங்குச்சு! 400 கேவி (சுமையில்லாம ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 400 சுத்து) மோட்டார், 16 இஞ்சு காத்தாடி சரியா இருக்கும்.

சுங்கை சிப்புட்காரன்:
3 செல் பேட்டரி ரெண்டு இருக்கே?

பழைய வயர்மேன்:
ரெண்டும் ஒரே 5,000 மில்லிஆம்பியர்-மணி, ஒரே வயசுன்னா சீரீஸ்ல (ஒன்னு பின்னால ஒன்னா) சேர்த்து 6 செல் ஆக்கலாம். முழு வேகத்துல 4 நிமிஷம்தான் லா. வெயில்ல காருக்குள்ள வைக்காதே.