இரண்டாவது முறையும் கரு ஒட்டவில்லை, ஈரா (கருப்பைச் சுவர் கருவை ஏற்கும் நேரத்தைக் கணிக்கும்) சோதனை செய்யலாமா?

வணக்கம் தோழிகளே. எனக்கு 37 வயது. சோதனைக்குழாய் முறையில் (ஐவிஎஃப்) உருவாக்கி உறைய வைத்த ஐந்தாம் நாள் கருவை இரண்டு முறை கருப்பையில் வைத்தார்கள்; இரண்டு முறையும் கர்ப்பம் பார்க்கும் ரத்தச் சோதனை (பீட்டா எச்சிஜி) நெகட்டிவ். "கரு நல்ல தரம்தான், அதிர்ஷ்டம் இல்லை" என்றார் மருத்துவர். அதிர்ஷ்டத்துக்கு நான் எந்த மாத்திரை சாப்பிடுவது?

சரி என்று நானே படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள் கரு என்பது நூறு, இருநூறு செல்கள் கொண்ட ஒரு நீர்க்குமிழி மாதிரி. உள்ளே இருக்கும் கொத்து குழந்தையாகும், வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும். மேலுறையைக் கிழித்து வெளியே வந்தால்தான் அது கருப்பைச் சுவரைப் பிடிக்கும். அந்தச் சுவரும் மாதத்தில் சில நாட்கள்தான் இடம் கொடுக்கும். நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் கருவிலும் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கலாமாம், வயது ஏற ஏற அது அதிகமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

இப்போது ஈரா சோதனை செய்யச் சொல்கிறார்கள். ஆனால் குரோமோசோம் சரியாக இருந்த கருக்களை வைத்து நடந்து, 2022இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஈரா பார்த்து நாள் குறித்தவர்களில் 58.5 சதவீதம் பேருக்கும், பார்க்காதவர்களில் 61.9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. பிறகு எதற்கு இது?

ஈரா செய்தவர்கள் இருக்கிறீர்களா? அதை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் கருவின் மரபணுச் சோதனைக்குப் போனவர்கள்? இன்னும் இரண்டு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. அவற்றை உருக்கிச் சோதித்து மறுபடி உறைய வைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன், அதற்குள் சொன்னால் நல்லது. அன்னாசி, பேரீச்சை வைத்தியம் மட்டும் வேண்டாம், மாமியார் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறார்.