அல்பர்ட்டாவுக்குப் போன மலையகத் தம்பிமாருக்கு: பழைய லீவர் துவக்கு வாங்கலாமா?

லீவுல ஹட்டனுக்கு வந்து நிக்கிறேன். இங்க இருந்து புதுசா கனடா போன தம்பிமார் கேக்குற கேள்வி எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. வேலைத்தலத்துல கூட இருக்குற ஆளுங்க சனிக்கிழமையானா துவக்குச் சுடுற ரேஞ்சுக்குப் போறாங்க, ஒருநாள் கூட்டிட்டுப் போய் சுடவும் குடுத்தாங்க, இப்ப ஒரு பழைய லீவர் பொயின்ட் டூ டூ (கையால லீவரை இழுத்துத் தோட்டா ஏத்துற, .22ங்கிற சின்னத் தோட்டாத் துவக்கு) விலைக்கு வருது, எடுக்கலாமா அண்ணேன்னு. அதே தம்பிமாரோட அம்மாமார் இங்க லயத்து வாசல்ல என்னைப் பிடிச்சு, "துவக்கு கிவக்குன்னு பேசினான்னா நாலு ஏச்சு ஏசுங்க"ங்கிறாங்க. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

அம்மாமார் பயத்துல நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல துவக்கு இருந்தது தொரை பங்களாவுல, இல்லாட்டி செக்பொயின்ட்ல நிக்கிறவன் கையில. 1979ல பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு, அடையாள அட்டையில தமிழ்ப் பேர் இருந்தாலே பஸ்ஸை விட்டு இறக்கின காலத்தைப் பார்த்தவங்க அவங்க. அல்பர்ட்டாவுல பண்ணைக்காரன் வீட்டு மூலையில பொயின்ட் டூ டூ இருக்கிறது நம்ம வீட்டுல தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி இருக்குற மாதிரி சாதாரணம். ஆனா கத்திக்கு லைசன்ஸ் கிடையாது, இதுக்கு உண்டு. எனக்குக் கேட்டா, வாங்குங்க. ஆனா போன முதல் வருசமே வேணாம்.

ஏன்னா முதல் வருசம் நீங்க இருக்கிறது யாரோடயோ பேஸ்மென்ட்ல. ஒரே அறையில ரெண்டு கட்டில், பொது அலுமாரி, வீட்டுக்காரரோட பிள்ளைங்க மேலயும் கீழயும் ஓடும். சட்டப்படி துவக்கு காலியா இருக்கணும். பூட்டு போட்டு வைக்கணும், இல்லாட்டி சுலபமா உடைக்க முடியாத பெட்டியிலயோ அறையிலயோ பூட்டி வைக்கணும். தோட்டாவைப் பக்கத்துல சும்மா போட்டு வைக்கக் கூடாது, அதையும் பூட்டி வைங்க. லைசன்ஸ் இல்லாத கூட்டாளி கைக்குச் சாவி போகவே கூடாது. கவனமில்லாம வச்சிருந்தா அது குற்றவியல் சட்டம் 86ஆம் பிரிவுல வர்ற குற்றம். பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கையில வச்சுக்கிட்டு, இன்னும் சிட்டிசன் ஆகாத நிலையில ஒரு கிரிமினல் கேஸ் நமக்கு எதுக்கு? தனி வீடு, தனி அறை, தனிப் பூட்டு வந்த பிறகு துவக்கைத் தேடுங்க.

லைசன்ஸை மட்டும் அதுக்கு முந்தியே எடுத்து வைக்கலாம். பேரு பி.ஏ.எல்., துவக்கு வாங்கவும் வச்சிருக்கவும் குடுக்கிற அனுமதி. அதுக்குக் குடியுரிமை தேவையில்ல, வயசு 18 ஆகியிருந்தா பெரியவங்க லைசன்சுக்கே போடலாம். முதல்ல துவக்குப் பாதுகாப்புக் கோர்ஸ். எழுத்துப் பரீட்சை ஒண்ணு, கையால செஞ்சு காட்டுற பரீட்சை ஒண்ணு, ரெண்டுலயும் 80 வீதம் எடுக்கணும். கோர்ஸ் இங்கிலீசுல நடக்கும், பயப்படாதீங்க. கை வேலையை ஒழுங்கா காட்டினா வாத்தியார் உச்சரிப்பைப் பார்க்கிறதில்ல. பிறகு ஆர்.சி.எம்.பிக்கு, அதாவது கனடா மத்திய பொலிசுக்கு, விண்ணப்பம். முதல் தடவை போடுறவங்களுக்குக் குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு, நடப்புல அதைவிட இழுக்கும். கிடைச்சா அஞ்சு வருசம் செல்லும்.

விண்ணப்பத்துல வீட்டுப் பிரச்சனை, பிரிவு, வேலை இழப்பு, மனச்சோர்வு பற்றியெல்லாம் கேள்வி வரும். நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் "இல்ல"ன்னு கோடு போட்டு விடுவாங்க. செய்யாதீங்க. ஆமான்னு எழுதினா உடனே மறுப்புன்னு அர்த்தமில்ல. பொய்யின்னு தெரிய வந்தாத்தான் வம்பு. கூட வாழுற மனைவியோ கணவனோ கையெழுத்துப் போட ஒரு இடம் இருக்கு. போடாட்டியும், இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்குன்னு அதிகாரிங்க அவங்களுக்கு அறிவிப்பாங்க. அதனால தங்கச்சிமாரே, உங்களுக்குத் தெரியாம வீட்டுக்குள்ள துவக்கு வராது. பிடிக்கலைன்னா அங்கயே வாயைத் திறந்து சொல்லுங்க.

சரி, ஏன் லீவர்? முதல் காரணம், விதி மாறுற வேகம். 2020 மே மாசம் ஒரே நாள்ல சுமார் 1,500 துவக்கு வகையைத் தடை பண்ணினாங்க, 2024 டிசம்பர்ல இன்னும் 324. அடிபட்டது பெரும்பாலும் தானா அடுத்த தோட்டாவை ஏத்துற வகை. 2022 ஒக்டோபர்ல இருந்து கைத்துப்பாக்கி வாங்குறதும் விற்கிறதும் முடக்கம். கையால லீவரை இழுத்து ஏத்துற பொயின்ட் டூ டூ இந்த எல்லாத்தையும் தாண்டி அமைதியா நிக்குது. ரெண்டாவது காரணம், அதுல சுடுறது சந்தோசம். லீவரைக் கீழ தள்ளுறப்ப சுட்ட தோட்டாவோட வெறும் கோது துள்ளி விழும், மேல இழுக்குறப்ப புதுசு உள்ள போகும். அவசரமே இல்லாத வேலை. பொயின்ட் டூ டூ ரிம்ஃபயர் வகைத் தோட்டா, அதுல வெடிமருந்தைப் பத்த வைக்கிற பொருள் கோதோட விளிம்புக்குள்ள இருக்கு, துவக்கோட சுத்தியல் தள்ளுற ஊசி விளிம்பைத் தட்டினா போதும். இன்னைக்கு எல்லாரும் சுடுற லோங் ரைஃபிள் தோட்டா 1887ல வந்தது. உதைப்பு இல்ல, சத்தம் குறைவு, செலவும் பெரிய தோட்டாவோட ஒரு சின்னப் பங்குதான்.

பழசுல நாலு கொம்பனிப் பேரு அடிக்கடி கண்ணுல படும். மார்லின் 39ஏ தான் என் கட்சி. 1891 மொடல்ல இருந்து இறங்கி வந்த வம்சம், 39ஏ பேரோட வந்தது 1939ல. பக்கத்துல இருக்குற பெரிய திருகாணியைக் கையாலயே கழட்டினா துவக்கு ரெண்டா பிரியும், பெரலை (குண்டு போற குழாயை) பின்பக்கத்துல இருந்தே சுத்தம் பண்ணலாம். பெரலுக்குக் கீழ தோட்டா நிரப்புற டியூப்புக்குள்ள லோங் ரைஃபிள் 19 போகும். நல்ல வால்நட் கட்டை, கனமான இரும்பு, ஆறரை றாத்தலுக்குக் குறையாது. வின்செஸ்டர் 9422 செஞ்சது 1972ல இருந்து 2005 வரைக்கும். லீவர் வெண்ணெய் மாதிரி ஓடும்னு சொல்லுவாங்க, பொய்யில்ல. ஆனா சேகரிக்கிற ஆளுங்க விலையை ஏத்தி வச்சிருக்காங்க. பிரவுனிங் பிஎல்-22 ஜப்பான்ல மிரோக்கு செய்யிறது. லீவர் 33 பாகை மட்டும்தான் இறங்கும், எடையும் குறைவு, கை சின்ன ஆளுக்கு அதைக் குடுங்க. ஹென்றி புதுசாவே மத்ததை விட மலிவு. அதைப் பழசா வாங்கப் போனா புது விலையை முதல்ல பார்த்துட்டுப் பேரம் பேசுங்க.

இனி பார்த்து வாங்குற விசயம். ஒரு சின்ன டோர்ச்சும் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் கொண்டு போங்க. விற்கிறவர் "காலிதான்"னு சொன்னாலும் கேக்காதீங்க. துவக்கு வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, விசையில விரல் வைக்காம, லீவரைத் திறந்து, உள் டியூப்பை முழுசா வெளிய இழுத்து, சுடுறப்ப தோட்டா இருக்குற சேம்பரையும், தோட்டாவைத் தூக்கி விடுற லிஃப்டரையும் கண்ணால பாருங்க. லீவர் துவக்குல ஒரு தோட்டா டியூப்புக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்கும், நாலு தரம் லீவரை ஆட்டினாலும் வராது, அஞ்சாவது தரம் வந்து விழும். விபத்து நடக்கிறதே அங்கதான். இப்படிப் பார்க்கிறதை முகம் சுளிக்கிற ஆளாயிருந்தா அவர்கிட்ட எதையும் வாங்காதீங்க.

பிறகு பெரல். வெளிச்சத்தைப் பின்பக்கம் காட்டி முன்னால இருந்து பாருங்க. உள்ள சுத்திச் சுத்திப் போற வரி கூர்மையா, மினுக்கமா இருக்கணும். நடுவுல கறுப்பு வளையம் மாதிரி தெரிஞ்சா, எப்பவோ ஒரு குண்டு உள்ள சிக்கி, அதுக்குப் பின்னால இன்னொண்ணைச் சுட்டு உப்பியிருக்கு. வச்சுட்டு வந்துருங்க. வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ஞ்சிருந்தா, முன்னால இருந்தே கம்பி விட்டுத் தேய்ச்ச ஆளோட துவக்கு அது. அடுத்து சேம்பர் வாய். தோட்டா இல்லாம சும்மா விசையை அழுத்தி விளையாடினா ஊசி சேம்பர் ஓரத்தைத் தட்டித் தட்டிப் பள்ளம் போடும், கோது வெளிய வர மறுக்கும். லோங் ரைஃபிளை விடக் கட்டையான "ஷோட்"ங்கிற தோட்டாவை வருசக்கணக்கா சுட்ட துவக்குல சேம்பருக்குள்ள ஒரு வளையம் அரிச்சிருக்கும், லோங் ரைஃபிள் கோது அங்க சிக்கும்.

டியூப்பை விரலால தடவிப் பாருங்க. ஒரு சின்ன நசுங்கல் போதும், தோட்டா பாதி வழியில நிக்கிறதுக்கு. திருகாணித் தலை கிழிஞ்சிருந்தா தெரியாத கை திறந்திருக்கு. கட்டையில, கை பிடிக்கிற மெல்லிசான இடத்துல, இரும்பு முடியிற மூலையைப் பாருங்க, வெடிப்பு அங்கதான் ஆரம்பிக்கும். சுத்தியலை முழுசா இழுத்து வச்சு, விசையைத் தொடாம பெருவிரலால முன்னால தள்ளுங்க. விழுந்தா வேணாம். பழைய 39ஏல சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்துறதுதான் பாதுகாப்பு, குறுக்கால தள்ளுற பாதுகாப்புப் பட்டன் 1988ல இருந்துதான். பாதி இழுப்புல வச்சு விசையை மெல்ல அழுத்தினாலும் சுத்தியல் அசையக் கூடாது. 39ஏல சீக்கிரம் தேயுறது, கோதை வெளிய தள்ளுற எஜெக்டர். கோது துள்ளாம சோம்பேறியா விழுந்தா அதைத்தான் சந்தேகப்படணும். அது மாத்தக்கூடிய சாமான், விலையைக் குறைக்க மட்டும் பிடிச்சுக்கோங்க.

மார்லின் எந்த வருசத்து சாமான்னு தெரிய ஒரு வழி இருக்கு. 1970களின் நடுவுல இருந்து வந்ததுல சீரியல் நம்பரோட முதல் ரெண்டு இலக்கத்தை 100ல இருந்து கழிங்க. 22ன்னு ஆரம்பிச்சா 1978. பெரல்ல ஜே.எம். முத்திரை இருந்தா அமெரிக்காவுல நோர்த் ஹேவன்ல இருந்த மார்லினோட பழைய ஃபெக்டரிப் பெரல். அது 2011ல மூடிப் போச்சு, பேரை 2020ல ரூகர் வாங்கினாங்க.

காசு குடுக்கிற முறை. நீளத் துவக்குப் பதிவு 2012லயே எடுபட்டுப் போச்சு, ஆனா 2022 மே 18ல இருந்து, தனியாள் வித்தாலும் வாங்குறவர் லைசன்ஸை ஆர்.சி.எம்.பியில சரி பார்த்து ஒரு இலக்கம் எடுத்த பிறகுதான் கை மாறலாம். "எதுக்கு தம்பி அதெல்லாம், காசைக் குடு"ங்கிறவர்கிட்ட இருந்து திரும்பி நடங்க. நம்ம ஊர்க்காரரா இருந்தா இன்னும் வேகமா நடங்க.

வாங்கியாச்சா? இனி அனுபவிங்க. தோட்டா ஒரே பெட்டியா வாங்கிக் குவிக்காம, நாலு வகையில சின்னப் பெட்டி வாங்கி 50 யார்ல கடதாசியில சுட்டுப் பாருங்க. ஒவ்வொரு பெரலுக்கும் ஒரு பிடித்தம் உண்டு, பெரும்பாலும் வேகம் குறைஞ்ச வகைதான் நெருக்கமா விழும். பெரல்ல லோங் ரைஃபிள்னு எழுதியிருந்தா, பொயின்ட் டூ டூ மக்னத்தைக் கிட்டக் கொண்டு போகாதீங்க, அது வேற தோட்டா. டியூப் நிரப்புறப்ப முகமோ உள்ளங்கையோ துவக்கு வாய்க்கு நேரா வரக்கூடாது. அழுத்தியும் வெடிக்கலைன்னா துவக்கை இலக்குப் பக்கமே பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் பொறுங்க, அதுக்குப் பிறகு திறங்க. ரிம்ஃபயர்ல இது அப்பப்ப நடக்கும். ஆளுங்க இலக்கு மாத்தப் போயிருக்கும்போது லீவர் திறந்து இருக்கணும், துவக்கைத் தொடவே கூடாது. அதை மீறினவனை ரேஞ்சுல அடுத்த தரம் யாரும் கூப்பிடமாட்டாங்க. முடிஞ்சதும் கை கழுவாம சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காதீங்க, அது ஈயம். குளிர்காலத்துல வெளிய இருந்து சூட்டு வீட்டுக்குள்ள கொண்டு வந்தா இரும்பு முழுக்க வேர்க்கும். உறையோடயே கொஞ்ச நேரம் வச்சு, பிறகு எடுத்துத் துடைங்க.

வசந்தத்துல பண்ணைக்காரங்க கோஃபர் சுடக் கூப்பிடுவாங்க. மேய்ச்சல் நிலமெல்லாம் குழி பறிக்கிற அணில் சாதி அது. வாய்விட்டுக் கேட்டு அனுமதி வாங்காம யாரோட நிலத்துலயும் காலை வைக்காதீங்க. அந்தச் சமவெளியில பின்னால மண்மேடு இல்லாம சுடவும் கூடாது. இத்தனூண்டு குண்டு ஒரு மைலுக்கு மேல போகும்.

கீழ கொமென்ட்ல கேட்டவங்களுக்கு:

ராகலைத் தம்பி, மாமாவோட லீக்ஸ் பாத்தியைப் பன்னி கிண்டுது, திரும்பி வரும்போது துவக்கைக் கொண்டாரட்டான்னு கேட்டீங்க. வேணாம். இலங்கையில 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடப்புல இருக்கு, லைசன்ஸை வருசா வருசம் புதுப்பிக்கணும், அங்க வாங்கின காகிதம் இங்க செல்லாது. அதோட பொயின்ட் டூ டூ பன்னியைக் காயப்படுத்தும், கொல்லாது. காயப்பட்ட பன்னி மாமாவைத்தான் தேடி வரும். அதுக்காகக் கம்பிச் சுருக்கும் வைக்க விடாதீங்க. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்தது அப்படி ஒரு சுருக்குலதான். மாமா வேலியைப் பலப்படுத்தட்டும், விவசாயத் திணைக்களத்துல போய்க் கேட்கட்டும்.

நோர்வூட் தம்பி, துவக்கோட எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்ல போடலாமான்னு கேட்டீங்க. போடாதீங்க. உங்களுக்கு அங்க அது பொழுதுபோக்கு. இங்க யாரோட ஃபோன்ல அந்தப் படம் இருக்கோ அவங்கதான் பொலிசுக்குப் பதில் சொல்லணும்.

லீவுக்கு வரப் பெட்டி கட்டுற எல்லாருக்கும்: ரேஞ்சுக்குப் போட்ட ஜெக்கட்டையும் பையையும் அங்கயே விட்டுட்டு வாங்க. விட முடியாட்டி ஒவ்வொரு பொக்கட்டையும் வெளிப்புறமாத் திருப்பி உதறிப் பாருங்க. ஒரே ஒரு தோட்டா தையல் ஓரத்துல சிக்கிக் கட்டுநாயக்கா எயார்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சா, மறந்து போச்சுன்னு விளக்கி முடிக்கிறதுக்குள்ள உங்க லீவே முடிஞ்சிரும்.