சிட்டி காரில் டிக் டிக் சத்தம், ஹெட்டை இறக்கச் சொல்கிறார்கள், இறக்கலாமா?

திருநகர்வாசி:
வணக்கம். என்னுடையது 2011 ஹோண்டா சிட்டி, 1.5 பெட்ரோல், மேனுவல் கியர், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட் பக்கமிருந்து தையல் மெஷின் ஓடுவது போல டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடவே வேகமாகிறது, சூடானதும் குறைகிறதே தவிர நிற்கவில்லை. பிக்கப், மைலேஜ் இரண்டிலும் குறை தெரியவில்லை, புகை இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு "ஹெட்டை இறக்கணும் சார், இறக்கினாத்தான் செலவே தெரியும்" என்றார்கள். ஹெட் என்றால் வால்வுகள் இருக்கிற என்ஜினின் மேல்பாகம். இன்னொருவர் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அமுங்கிவிடும் என்கிறார். குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டியிருக்கிறது, அம்மாவும் வருகிறார்கள். இந்தச் சத்தத்தோடு மலையேறலாமா?

மேலூர் ரோடு:
ஹெட்டில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள். சத்தம் எந்த இடத்தில் வருகிறது என்று தெரியாமல் என்ஜினைப் பிரிப்பது வீண் செலவு, பிரித்த என்ஜின் பழைய மாதிரி சேரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். கம்பியில் கீழ்க் குறிக்கும் கீழே இருந்தால் மேலே வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் பக்கம் ஆயில் சரியாக ஏறாது, அதனாலேயே சத்தம் வரலாம். ஆயில் சரியாக இருந்தால் நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியை ஹெட் கவர் போல்ட்டில் வைத்துப் பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே, அப்புறம் இன்ஜெக்டர் மேல், அப்புறம் கீழே பிளாக்கில். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ இடம் அதுதான். ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும், பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் தோளில் துண்டு, தொங்குகிற சட்டை எதுவும் வேண்டாம்.

இன்ஜெக்டர் இலேசாக டிக் டிக் என்பது இயல்பு, அதை விட்டுவிடுங்கள். கீழே பிளாக்கில் கனமாக டொக் டொக் என்று கேட்டு, லோடு கொடுக்கும்போது கூடினால் அது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். அப்படியென்றால் ஓட்டவே கூடாது, டோ பண்ணித்தான் எடுத்துப் போக வேண்டும். நீங்கள் சொல்வது மேலே வருகிற சத்தம் போலத்தான் தெரிகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டராகக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். என்ஜின் நொண்டும், செக் என்ஜின் விளக்கும் வரும், பயப்பட வேண்டாம். ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது சத்தமும் அடங்கினால் ராடு, பிஸ்டன், இல்லையென்றால் புகை கசிவு. அடங்காமல் அப்படியே தொடர்ந்தால் பெரும்பாலும் வால்வு பக்கம். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் கனெக்டரைக் கழற்றி இதைச் செய்யாதீர்கள், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும்.

ஒத்தக்கடை ஓட்டுநர்:
என் வண்டியிலும் இதே போலத்தான் இருந்தது, ஹெட்டும் சைலன்சர் குழாயும் சேருகிற இடத்தில் பேக்கிங் கசிந்திருந்தது. குளிரில் டிக் டிக், சூடாகி இரும்பு விரிந்ததும் நின்றுவிடும். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நத்தம் ரோட்டுப் பாலத்தில் கண்ணாடியை இறக்கி ஓரச் சுவரை ஒட்டிப் போனபோதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது, சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். உங்களுக்குச் சூடான பிறகும் நிற்கவில்லை என்பதால் வேறாகவும் இருக்கலாம், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

பழங்காநத்தம் பட்டறை:
தம்பி, இந்த வண்டிக்கு டேப்பட் செட்டிங் என்று ஒன்று இருக்கிறது, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரியான அளவுக்கு வைப்பது, பலர் அதைச் செய்வதே இல்லை. ஹைட்ராலிக் டேப்பட் உள்ள என்ஜின்களில் தானாகவே சரிசெய்துகொள்ளும், உங்கள் என்ஜினில் ராக்கருக்கு ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான், கையால்தான் வைக்க வேண்டும். இன்டேக் 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30. தேய்மானத்தில் இடைவெளி கூடினால் டிக் டிக் கேட்கும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் என்ஜினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். 750 ஆர்பிஎம் ஐடிலிங்கில் ஒரு வால்வு நொடிக்கு ஆறு தடவைக்குக் கொஞ்சம் மேல் தட்டும், பழகிய காது அதைப் பிடித்துவிடும்.

இதற்கு ஹெட்டை இறக்க வேண்டியதில்லை, ஹெட் கவரைத் திறந்தால் போதும். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், 38 டிகிரிக்குக் கீழே என்பதுதான் கம்பெனிக் கணக்கு. நம்ம ஊர் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போய் விடிந்ததும் செய்யச் சொல்லுங்கள். மத்தியானம் ஓட்டிக்கொண்டு வந்த வண்டிக்கு உடனே டேப்பட் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே விடாதீர்கள்.

முதல் சிலிண்டரை டிடிசியில், அதாவது வால்வுகள் மூடிப் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையில் வைத்து அளந்து, கிராங்கைப் பாதிச் சுற்று பாதிச் சுற்றாகத் திருப்பி 3, 4, 2 என்று போக வேண்டும். ஃபீலர் கேஜ், அதான் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, இலேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். கவர் பேக்கிங்கும் பிளக் குழி சீல்களும் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் ஆயில் பிளக் குழிக்குள் இறங்கும்.

சத்தம் போடுகிற வால்வைவிடச் சத்தமே போடாமல் இடைவெளி குறைந்து இறுகிப்போன வால்வுதான் ஆபத்து. இறுகினால் வால்வு முழுதாக மூடாது, சூட்டைத் தான் உட்காரும் சீட்டுக்கு இறக்க முடியாமல் கருகும், அப்போதுதான் உண்மையிலேயே ஹெட்டை இறக்க வேண்டிவரும். சிஎன்ஜி, எல்பிஜி போட்ட வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு இப்படி இறுகுவதை அதிகம் பார்க்கலாம். அதனால் சத்தத்தை அடக்க வேண்டும் என்று சொன்ன அளவைவிட இறுக்கி வைக்கச் சொல்லாதீர்கள்.

20டபிள்யூ-50 வேண்டவே வேண்டாம். உங்கள் என்ஜின் மெல்லிய ஆயிலுக்குச் செய்தது, வால்வு திறப்பை மாற்றும் விடெக் வேலை செய்வதே ஆயில் பிரஷரில். கெட்டி ஆயில் காலையில் மேலே ஏறவே நேரமாகும். புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள்.

திருநகர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஆயில் அளவு சரியாக இருந்தது, கரி எங்கேயும் இல்லை. திருப்புளி வைத்துக் கேட்டதில் மூன்றாவது சிலிண்டருக்கு மேலேதான் கூர்மையாக இருந்தது, இன்ஜெக்டரைக் கழற்றியும் மாறவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ராத்திரியே வண்டியை விட்டு, விடிகாலையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்றாவதில் ஓர் எக்ஸாஸ்ட் வால்வில் 0.40 கேஜ் தாராளமாகப் போய் வந்தது. நான்காவதில் ஒன்றில் 0.20 கூட நுழையவில்லை, அங்கே சத்தமே இல்லை அண்ணே! எல்லாவற்றையும் அளவுக்குக் கொண்டுவந்து பேக்கிங் மாற்றியாகிவிட்டது. இப்போது இன்ஜெக்டரின் மெல்லிய சத்தம் மட்டும்தான். மலையேறலாம்தானே?

பழங்காநத்தம் பட்டறை:
தாராளமாகப் போங்க தம்பி. புறப்படும் முன் ஒரு காயிலைக் கழற்றிப் பிளக் குழியில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், கவர் ஓரத்தையும் துணியால் துடைத்துப் பாருங்கள். அந்த நான்காவது வால்வு ஏற்கெனவே கருகியிருந்தால் ஐடிலிங்கில் ஒரு நடுக்கம் இருக்கும். இல்லையென்றால் விடுங்கள், இருந்தால் திரும்பி வந்ததும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம் பார்த்துவிடலாம்.