ஒரே செடியில் இரண்டு வகை இலை: இது என்ன செடி? மேல் இலைகள் மட்டும் ஏன் உதிர்கின்றன?

மணற்பூ (கேள்வி):
வணக்கம். ‘போர்ச்சுலக்காரியா, அரிய வகை’ என்று மட்டும் சீட்டு எழுதி விற்ற செடி இது. படம் ஏற மறுக்கிறது, அதனால் எழுதியே விளக்குகிறேன்.

அடித்தண்டு பழுப்புச் சிவப்பு. அதிலிருந்து கிளம்பும் தளிர்களில் வட்டமான, பளபளப்பான, சதைப்பிடிப்பான இலைகள் எதிரெதிராக இருக்கின்றன. ஒரு சாண் உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு புடைப்பு. அதற்கு மேலே வேறு செடி மாதிரியே இருக்கிறது. பட்டை வெள்ளி கலந்த சாம்பல் நிறம், கிளைகள் விறைப்பாக மேல்நோக்கி நிற்கின்றன. கிளை நெடுகச் சின்னச் சின்ன முண்டுகள், ஒவ்வொன்றிலும் அரிசிமணி போல உருண்ட இலைகள் கொத்தாக. முள் எங்கும் இல்லை.

இப்போது மேல் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. கீழே மட்டும் தளதளவென்று வளர்கிறது. நோயா? தண்ணீர் கூட்டவா? சாம்பல் கிளையில் ஒரு துண்டு வெட்டி நட்டால் வேர்விடுமா?

கற்றாழைக்காடு:
நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அது ஒட்டுச்செடி. அந்தப் புடைப்புதான் ஒட்டுக் கட்டிய இடம். கீழே இருப்பது போர்ச்சுலக்காரியா அஃப்ரா, எலிஃபன்ட் புஷ் என்று பலரும் வளர்ப்பதுதான். மேலே இருப்பது பெரும்பாலும் போர்ச்சுலக்காரியா நமக்குவென்சிஸ். பழைய பெயர் செராரியா நமக்குவென்சிஸ், இன்னும் பலர் அப்படியே எழுதுகிறார்கள்.

அடையாளத்தில் குழப்பம் வரக்கூடிய செடிகள் இரண்டு. மடகாஸ்கரின் அல்லுவாடியாவும் சாம்பல் தண்டுதான், ஆனால் அதில் முள் இருக்கும். போர்ச்சுலக்காரியா ஃப்ருட்டிகுலோசாவில் இலை தட்டையாக இருக்கும். உருண்ட இலை, வெள்ளிப் பட்டை, முண்டு வரிசை மூன்றும் சேர்ந்தால் நமக்குவென்சிஸ்தான்.

இது தென்னாப்பிரிக்கா, நமீபியா எல்லையில் ஆரஞ்சு ஆற்றை ஒட்டிய ரிக்டர்ஸ்வெல்ட் பகுதியின் பாறைச் சரிவுகளில் வளர்வது. அங்கே பல இடங்களில் ஆண்டு மழை 100 மி.மீ.கூடத் தேறாது. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பது இதன் இயல்பு. அதனால் உதிர்ந்தவுடன் தண்ணீர் கூட்டாதீர்கள், வேர் அழுக அதுவே போதும்.

அப்புறம், கீழ்த்தளிர்களை இன்றே எடுத்துவிடுங்கள். வேர் எடுக்கும் சத்தையெல்லாம் அவைதான் இழுத்துக்கொள்கின்றன. விட்டால் அஃப்ரா மட்டும்தான் மிஞ்சும்.

பாறைநிழல்:
முதல் பாதிக்கு ஆமாம், கடைசி வரிக்கு இல்லை. மேலே இலையே இல்லாத நேரத்தில் கீழே முழுக்க மழித்துவிட்டால் வேருக்கு உணவு அனுப்ப யார் இருக்கிறார்கள்? ஒரே ஒரு சிறு தளிரை விட்டு அதன் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மேலே புதுக் கொத்துகள் விரிந்த பிறகு அதையும் அடியோடு எடுக்கலாம்.

அதற்கு முன் இதைப் பாருங்கள். சாம்பல் கிளையில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா? புடைப்பை அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா? கறுத்து அமுங்கினால் அழுகல், அப்போது பேச்சே வேறு. முண்டுகளின் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. இந்தச் செடியில் அது ஒளிந்துகொள்ள வாகான இடம் அதுதான்.

மணற்பூ:
சுரண்டிப் பார்த்தேன், பச்சையாக இருக்கிறது. புடைப்பும் கெட்டி. பூச்சி தெரியவில்லை. மண் மட்டும் கறுப்பாக, விரலை விட்டால் ஈரமாக ஒட்டுகிறது.

கற்றாழைக்காடு:
அப்படியென்றால் செடி உயிரோடு நன்றாகவே இருக்கிறது. சிக்கல் வறட்சியல்ல, மண்ணில் தங்கும் ஈரம். மாற்ற வேண்டியது மண்தான். கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்), பெருமணல், சிறுகல் மாதிரி நீர் தங்காத பொருளாகப் போடுங்கள். மாற்றும்போது வேரைப் பாருங்கள், கறுத்துக் குழைந்ததை மட்டும் வெட்டுங்கள். ஒரு வாரம் விட்டுத் தண்ணீர். அப்புறம் மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த முறை. வெயில் நன்றாகப் படட்டும்.

பாறைநிழல் சொன்னது சரி, ஒரு தளிர் இருக்கட்டும்.

பாறைநிழல்:
துண்டு நடும் கேள்வி விட்டுப்போச்சு. நமக்குவென்சிஸ் துண்டு வேர்விடுவது மிகக் கடினம், அதனால்தான் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். இதில் எனக்கு ஒரு நிம்மதியும் உண்டு. ஒட்டில்லாமல் சொந்த வேரோடு வருகிற பருத்த, வடுப்பட்ட பெரிய செடி என்றால் பாலைவனத்திலிருந்து தோண்டியதோ என்று சந்தேகப்பட வேண்டும். மெதுவாக வளரும் செடி, காட்டில் ஒன்று போனால் ஈடு வர நெடுங்காலம் ஆகும்.

நீங்கள் எடுக்கும் அஃப்ரா தளிர்களைத் தூக்கிப் போடாதீர்கள். வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து நடுங்கள், அது எளிதாக வேர்விடும். தண்டு பென்சில் கனம் ஆனதும், நமக்குவென்சிஸ் நன்றாகத் துளிர்க்கும் பருவத்தில், அதன் அதே கனமுள்ள நுனியை ஆப்பு மாதிரிச் சீவி, அஃப்ரா தண்டைப் பிளந்து அதில் செருகுங்கள். பட்டையின் உட்பச்சை ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒட்டுக் கட்டும் நாடாவால் இறுக்கிச் சுற்றி, நேர்வெயில் படாமல் வையுங்கள். பிளேடு மட்டும் புதிதாக இருக்கட்டும்.