கடை மெசினைப் பார்த்துவிட்டுத்தான் ஃபிரேம்வொர்க்

திருகோணமலை நகரில் வலை, நைலோன் கயிறு, படகு எஞ்சின் உதிரிப்பாகம் விற்கிற கடை ஒன்றுக்கு பில்லும் இருப்பும் பார்க்கும் மென்பொருள் செய்தேன். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "தம்பி, மெசின மாத்தச் சொல்லக்கூடாது." மெசின் விண்டோஸ் 7, இரண்டு ஜிபி ரேம், நெட் கிடையாது.

எனக்குப் பழக்கம் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி. அதனால் ஃபிரேம்வொர்க், அதாவது மென்பொருளைக் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகம், தேடுவதையும் அங்கேயே தொடங்கினேன். வெப் நிரலைக் கணினி மென்பொருளாக்கும் எலெக்ட்ரோன் 2023இல் வந்த 23ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. நெட் இல்லாத மெசின் என்பதால் 22உடனேயே நின்றுவிடலாம், ஆனால் அது குரோமியம் என்ற முழு பிரவுசரையும் கூடவே கொண்டுவரும். அந்த ரேமுக்கு அது அநியாயம். அதே வேலையைச் செய்யும் டௌரி இலேசானது, ஆனால் அது பக்கத்தைக் காட்ட நம்பியிருக்கும் மைக்ரோசொஃப்டின் வெப்வியூ2 விண்டோஸ் 7க்கு 109ஆம் பதிப்போடு முடிந்துவிட்டது. கியூட்டி என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கின் 6ஆம் பதிப்பு விண்டோஸ் 10 கேட்கிறது. சரி என்று 2002இல் பிறந்த, மைக்ரோசொஃப்டின் வின்ஃபோர்ம்ஸையே எடுத்தேன்; அது ஓட டொட்நெட் 4.8, தரவை வைக்க எஸ்கியூலைட். பார்க்க அழகில்லைதான். முதலாளி அழகைப் பற்றிக் கேட்கவுமில்லை.

உண்மையான வேலை தமிழில்தான் இருந்தது. பில் பிரிண்டருக்கு நேரடியாக எழுத்துக் குறியீடு அனுப்பினால் தமிழ் வராது, அதற்குள் தமிழ் எழுத்தே இல்லை. விண்டோஸ் டிரைவர் வழியாக அனுப்பினால் எழுத்தைப் படமாக வரைந்து அடிக்கும்; 'நைலோன்' என்பதில் ஐகாரக் கொம்பும் ஓகாரமும் அதனதன் இடத்தில் விழும். எழுத்துரு விண்டோஸ் 7இலேயே இருக்கும் லதா. அதைவிடப் புதிய எழுத்துருவான நிர்மலா விண்டோஸ் 8இலிருந்துதான் கூடவே வருகிறது. பழைய பொருள் பட்டியல் முழுக்க, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டியது, எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பை. அதை இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்கப் போன நேரத்தோடு பார்த்தால் ஃபிரேம்வொர்க் யோசித்த நேரம் ஒன்றுமேயில்லை.

கிண்ணியாவிலிருந்து ஒருவரின் பதில்:
நான் பைத்தன் ஆள். பைத்தனில் கியூட்டியைப் பயன்படுத்த உதவும் பைகியூட்டியில் தொடங்கப் பார்த்து, உரிமத்தை வாசித்ததும் அதே வேலையைச் செய்யும் பைசைடுக்கு மாறினேன். பைகியூட்டி ஜிபிஎல் உரிமம், அதாவது மென்பொருளைக் கொடுத்தால் மூல நிரலையும் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைடு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல், என் மூல நிரலைத் திறந்து கொடுக்காமலே விற்கலாம். விற்கிற எண்ணம் இருப்பவர்கள் இதை முதலிலேயே பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் பைத்தன் 3.8க்கு மேலே போக முடியாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளியிலிருந்து இன்னொருவரின் பதில்:
வலைக் கடைக்கு மென்பொருள் செய்த அண்ணா சொல்வது அந்தக் கடைக்குச் சரி. எங்கள் பக்கம் விருந்தினர் விடுதிகள். மெசின் எல்லாம் புது லப்டொப், அறைப் பதிவுக்கு ஏற்கெனவே வெப் பக்கம் இருக்கிறது. அதே நிரலை எலெக்ட்ரோனில் போட்டு, பாஸ்போர்ட் விவரம் பதிவதையும் பில் அடிப்பதையும் சேர்த்தேன். ரேம் தின்கிறதுதான், தின்னட்டும். இரண்டு நிரலை வைத்துக்கொண்டு தனி ஆளாக நான் மாரடிக்க முடியாது.

அது சரி அண்ணா, அந்த பாமினி மாற்றியை எங்காவது போட்டிருக்கிறீர்களா? இங்கேயும் ஒரு விடுதியின் பழைய கணக்கு முழுக்க அதிலேயே கிடக்கிறது.