கமரா செத்து 9 நாள், ஸ்கிரிப்ட் சொன்னது ‘ஓகே’

சம்மாந்துறையிலிருந்து:

இஞ்ச ஒரு அரிசி மில்லுக்கு நெட்வேர்க் வேலை பாக்கிறன். 16 கமரா. ஒண்டு விழுந்தாலும் தெரியவேணும் எண்டு ஒபிஸ் விண்டோஸ் மெஷினில ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையா ஓட்டுற சின்ன ஸ்கிரிப்ட்) எழுதி வைச்சன். 5 நிமிசத்துக்கு ஒருக்கா எல்லாக் கமராவின்ர ஐபி முகவரிக்கும் பிங், அதாவது ‘இருக்கிறியா’ எண்டு ஒரு கேள்வி. பிங் முடிய வாற எரர்லெவல் எண்ட எண் 0 (பிழை இல்ல) எண்டா ‘ஓகே’, இல்லாட்டி டெலிகிராமுக்கு மெசேஜ்.

போன மாதம் நெல் மூட்டைக் கணக்கில பிணக்கு. பின் கேற் கமராவைக் காட்டு எண்டார் முதலாளி. பாத்தா 9 நாளா ரெக்கோர்டிங்கே இல்ல. எலி கேபிளைக் கடிச்சிருக்கு. மில் எலி, கேக்கவா வேணும். ஸ்கிரிப்ட் எழுதின லொக் ஃபைலைத் திறந்தா வரிசையா ‘ஓகே, ஓகே’.

மறுகா கையால பிங் அடிச்சன். ‘ரிப்ளை ஃப்ரொம் 192.168.1.10: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’. கமராவின்ர ஐபி 34 இல முடியும். 10 எண்டது நான் இருந்து அடிக்கிற மெஷின்! ஏஆர்பிக்கு (ஒரே நெட்வேர்க்குக்குள்ள ‘இந்த ஐபி ஆரிட்ட’ எண்டு கேக்கிறது) பதில் வராததால விண்டோஸ் தானே ‘ஆளைக் காணேல்ல’ எண்டு சொல்லிப்போட்டு, அதையும் வந்த பதிலாக் கணக்கெடுக்குது. கீழ ‘லொஸ்ட் = 0’. எரர்லெவலும் 0. போட்ட அண்டு டெஸ்ட் பண்ணினனான்தான், ஆனா வேற சப்நெட் (வேற நெட்வேர்க் பிரிவு) ஐபி ஒண்டுக்கு. அது டைம் அவுட் ஆகி ஒழுங்கா மெசேஜ் வந்ததால நம்பிட்டன்.

இப்ப எரர்லெவலைப் பாக்கிறல்ல. கமரா உண்மையாவே பதில் சொன்னா மட்டும் வாற ‘டிடிஎல்=’ பதிலில இருக்கா எண்டு ஃபைண்ட்ஸ்டிர் எண்ட தேடல் கட்டளையால தேடுறன்.

கல்முனையிலிருந்து:

நானா, எனக்கு நேர் எதிர்க் கதை. வயலுக்கு அங்கால ஒரு கட்டிடத்துக்கு வயர்லெஸ் லிங்க், அதுக்குப் பின்னால 14 சாமான். கச்சான் காத்து வீசினா கம்பம் ஆடும், ஒரு பிங் தவறும், போன் 15 தரம் கத்தும். கடைசியில சத்தத்தை நிப்பாட்டிப்போட்டன். அண்டைக்குத்தான் சுவிட்ச் உண்மையாவே எரிஞ்சது!

3 தரம் தொடர்ந்து தவறினாத்தான் டவுன் எண்டு மாத்தினன். நாகியோஸ் எண்ட கண்காணிப்பு மென்பொருளில அந்த லிங்க்கை மற்றதுகளுக்கு ‘பேரண்ட்’ ஆக்கினன். இப்ப லிங்க் விழுந்தா அதுக்கு மட்டும் ‘டவுன்’, பின்னால உள்ளதெல்லாம் ‘அன்ரீச்சபிள்’. அன்ரீச்சபிளுக்கு மெசேஜ் வேண்டாம் எண்டு செட் பண்ணினா, வாறது ஒரே ஒரு மெசேஜ்.

கல்லடியிலிருந்து:

2025 பெப்ரவரி 9, பாணந்துறைக் குரங்கால நாடு முழுக்க கரண்ட் போச்சே, அண்டைக்கு நெட்வேர்க்கைக் கண்காணிக்கிற என்ர மினி பீசியும் யூபிஎஸ் தீர்ந்து படுத்திட்டு. கரண்ட் வந்ததும் ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் எழும்பிச்சு. மினி பீசி எழும்பேல்ல. கரண்ட் வந்தா தானா ஓன் ஆகு எண்டு பயோஸில (மெஷினின்ர அடிப்படை செட்டிங்) போட மறந்திட்டன். மூண்டு நாள் ஒரு மெசேஜும் இல்ல. நானும் சந்தோசமா இருந்தன்.

இப்ப அது 10 நிமிசத்துக்கு ஒருக்கா வெளியில உள்ள ஒரு சேர்வருக்கு ‘இருக்கிறன்’ எண்டு சொல்லும். சொல்லாட்டி அந்த சேர்வர் என்னைக் கூப்பிடும்.

மறுபடி சம்மாந்துறை:

3 தரம் பாக்கிறது, ‘இருக்கிறன்’ எண்டு சொல்றது, ரெண்டையும் போட்டாச்சு. சரிதானா எண்டு இண்டைக்குப் பின் கேற் கேபிளைக் கழட்டினன். மூண்டாவது செக்கில என்ர போன் அடிச்சுது. முதலாளியின்ர நம்பரையும் சேர்த்திருந்தது அப்பதான் ஞாபகம் வந்தது. மில்லுக்குள்ள இருந்து சத்தம் கேக்குது: “மனே, திரும்பவும் கமரா போயிட்டா?”